பௌதிகவியலின் பெருமைக் காலம் முடிந்துவிட்டதா? - ஒரு வரலாற்று நோக்கு

உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவில் படிக்கும் மாணவர் ஒருவர் சென்ற வருடம் என்னிடம் வந்து கேட்டார்: "சேர், பௌதிகவியல்ல இனி என்ன இரிக்கி கண்டுபிடிக்க? நியூட்டன், ஐன்ஸ்டைன் எல்லாம் முடிச்சிட்டுப் போயிட்டாங்க. இப்ப இரிக்கிறவங்கள்ல ஒராள்ட பேராவது நமக்குத் தெரியுமா?"

அவருடைய வாப்பாவுக்கு மகன் பொறியியலாளராக வேண்டும் என்று ஆசை. மகனுக்கோ பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலைச் சிறப்புப் பாடமாகப் படிக்க விருப்பம். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "யோசித்துச் சொல்றன் மகன்" என்று அனுப்பிவிட்டேன்.

உடனே பதில் சொல்ல முடியாமற் போனதற்குக் காரணம் உண்டு. அவர் கேட்டதைப் பெரிய விஞ்ஞானிகளும் இப்போது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அமெரிக்கப் பௌதிகவியலாளர் லீ ஸ்மோலின் 2006இலும், ஜேர்மனியைச் சேர்ந்த சபீன ஹொசன்பெல்டர் 2018இலும் எழுதிய நூல்கள், தம்முடைய துறையின் அடிப்படை ஆய்வு தேங்கி நிற்கிறது என்றே முறையிடுகின்றன. உள்வீட்டுக்காரர்களே இப்படிச் சொல்லும்போது, 'அப்படியெல்லாம் ஒன்றுமில்லை' என்று தட்டிக்கழிப்பது நேர்மையாகாது.

ஆனாலும் இக்கேள்விக்கு விடை தேட வேண்டிய முதலிடம் வரலாறு என்பது என் எண்ணம். ஒரு துறை முடிந்துவிட்டது என்ற தீர்ப்பு இதற்கு முன்பும் வழங்கப்பட்டிருக்கிறது. அது யாரால், எப்போது வழங்கப்பட்டது, பிறகு என்ன நடந்தது என்று பார்ப்போம்.

மியூனிக்கில் கிடைத்த புத்திமதி

1874ஆம் ஆண்டு. 16 வயதான மக்ஸ் பிளாங்க் மியூனிக் பல்கலைக்கழகத்தில் சேர்கிறார். இசையிலும் நல்ல தேர்ச்சி உள்ளவர். எத்துறையில் இறங்குவது என்று பௌதிகவியல் பேராசிரியர் பிலிப் வொன் ஜொலியிடம் ஆலோசனை கேட்கிறார். ஜொலி சொன்னதைப் பிளாங்க் 50 வருடங்களுக்குப் பிறகு, 1924இல், அதே மியூனிக்கில் ஒரு சொற்பொழிவில் நினைவுகூர்ந்தார். பௌதிகவியல் ஏறத்தாழ முழுமை பெற்றுவிட்ட ஒரு கலை. ஏதாவது ஒரு மூலையில் ஒரு தூசோ குமிழியோ ஆராய மிஞ்சியிருக்கலாம். ஆனால் கட்டடம் எழும்பி முடிந்துவிட்டது என்பதே அந்தப் பேராசிரியரின் புத்திமதி.

ஜொலி ஒன்றும் விஷயம் தெரியாதவரல்லர். ஈர்ப்பு விசையைத் தராசு கொண்டு அளந்து பூமியின் அடர்த்தியைக் கணித்தவர். அவருடைய காலத்தில் இருந்து பார்த்தால் அந்தத் தீர்ப்பில் நியாயமும் இருந்தது. நியூட்டனின் இயக்க விதிகள் 1687இலிருந்து கோள்களையும் பீரங்கிக் குண்டையும் ஒரே கணக்கில் அடக்கிவிட்டன. சக்திக் காப்பு விதி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைபெற்றது. 1860களில் மக்ஸ்வெல் மின்னையும் காந்தத்தையும் ஒளியையும் ஒரே சமன்பாட்டுத் தொகுதிக்குள் கொண்டுவந்தார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஜொலி தனித்தும் இல்லை. அமெரிக்காவின் மிகச் சிறந்த அளவீட்டு நிபுணரான அல்பர்ட் மைக்கல்சன், 1894இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் புதிய ஆய்வுகூடத் திறப்பு விழாவில், பெரிய அடிப்படை விதிகளில் பெரும்பாலானவை உறுதியாகிவிட்டன என்றும், இனி வரும் உண்மைகளை ஆறாவது தசமதானத்தில்தான் தேட வேண்டும் என்றும் பேசினார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பௌதிகவியலில் இனிப் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை என்ற ஒரு கூற்று கெல்வின் பிரபுவின் பெயரால் எங்கும் உலாவுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. ஒரு செய்தி வந்தால் அதன் அறிவிப்பாளர் வரிசை என்ன என்று கேட்பது நம்முடைய மரபு. இந்தக் கூற்றுக்கு அப்படியொரு இஸ்னாத் இல்லை. 1900 ஏப்ரலில் இலண்டனில் கெல்வின் பேசியது வேறு: வெப்பத்தையும் ஒளியையும் பற்றிய கொள்கையின் மேல் இரண்டு மேகங்கள் நிற்கின்றன என்றார். ஒன்று, ஒளி பயணம் செய்வதாக நம்பப்பட்ட ஈதர் என்ற ஊடகத்தினூடே பூமி செல்வதற்கு அடையாளமே தென்படாமை. மற்றது, பொருள்களின் வெப்பக் கொள்ளளவு கணக்குக்கு ஒத்துவராமை. எந்த இடத்தில் கொள்கை இடறுகிறது என்று அந்த 75 வயது முதியவர் சரியாகவே விரல் வைத்துக் காட்டினார்.

தூசுக்குள் இருந்தவை

மைக்கல்சன் பேசி ஒரு வருடம் சென்றது. 1895 நவம்பரில் ரொன்ற்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். 1896இல் பெக்கரல் கதிர்த்தொழிற்பாட்டைக் கண்டார். 1897இல் ஜே. ஜே. தொம்சன் இலத்திரனைக் கண்டார். 1898இல் கியூரி தம்பதியர் பொலோனியத்தையும் ரேடியத்தையும் அறிவித்தனர். முடிந்துவிட்டது என்று பூட்டிய வீட்டுக்குள் நான்கு வருடத்தில் நான்கு புதிய கதவுகள்.

ஜொலி சொன்ன தூசுக்கு வருவோம். சூடேறிய பொருளொன்று எந்த நிறத்தில் எவ்வளவு ஒளியை வெளிவிடும் என்ற கணக்கு சரிவரவில்லை. இதைத் தீர்க்க முயன்ற பிளாங்க், சக்தி தொடர்ச்சியாகப் பாயாமல் சிறு சிறு பொட்டலங்களாகவே கொடுக்கல் வாங்கல் நடக்கிறது என்று கொள்ள வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார். 1900 டிசம்பர் 14இல் பேர்லினில் அதை வாசித்தார். குவாண்டம் கொள்கையின் பிறந்தநாள் அதுதான். முடிந்த கட்டடத்தில் தூசு தட்டப் போன மாணவரின் கையில் அத்திவாரமே பெயர்ந்து வந்தது.

புதன் கோளின் கதையும் இதே மாதிரி. அதன் பாதை சிறிது சிறிதாகத் திரும்பி வருவதில் நியூட்டனின் கணக்குக்கு அடங்காத ஒரு மிச்சம் இருப்பதை 1859இல் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே எடுத்துக்காட்டினார். ஒரு பாகையை 3600 பங்காக்கி, அதில் ஏறத்தாழ 43 பங்கு. அதுவும் 100 வருடத்துக்கு! இவ்வளவு சிறிய வித்தியாசத்தை யார் பொருட்படுத்துவார்? 1915 நவம்பரில் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கொள்கை அந்த மிச்சத்தை அப்படியே கொடுத்தபோதுதான், இடமும் காலமும் வளையும் என்ற செய்தி அந்த மூலையில் கிடந்தது தெரியவந்தது.

ஆக, மைக்கல்சனின் வாக்கு அவர் நினையாத விதத்தில் பலித்தது. புதிய உண்மை தசமதானங்களின் கடைசியில்தான் இருந்தது; ஆனால் அது வந்து முதலாம் இலக்கத்தையே மாற்றியது.

முப்பது வருடங்கள்

1900இலிருந்து ஏறத்தாழ 1932 வரை நடந்தது மனித அறிவு வரலாற்றில் அபூர்வமானது. பேர்ணில் காப்புரிமை அலுவலகத்தில் எழுதுவினைஞர் போல வேலை பார்த்த 26 வயது ஐன்ஸ்டைன் 1905இல் எழுதிய கட்டுரைகள், 1911இல் ரதபோர்டின் அணுக்கரு, 1913இல் போரின் அணு மாதிரி, 1925இல் 23 வயது ஹைசன்பேர்க், 1926இல் ஷ்ரோடிங்கர், 1928இல் டிராக், 1932இல் சட்விக் கண்ட நியூத்திரன். 1927இல் பிரசல்ஸில் நடந்த சொல்வே மாநாட்டுப் புகைப்படத்தில் இருக்கும் 29 பேரில் 17 பேர் முன்போ பின்போ நோபல் பரிசு பெற்றவர்கள்.

நமது பிராந்தியமும் இதில் பங்கு கொண்டது. டாக்காப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்த சத்தியேந்திரநாத் போஸ், பிளாங்கின் சூத்திரத்தைப் புதிய வழியில் நிறுவி 1924இல் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் தானே அதை ஜேர்மன் மொழிக்குப் பெயர்த்து வெளியிடச் செய்தார். ஒரு கடித உறையும் சில தாள்களும் போதுமாக இருந்த காலம் அது.

அந்த நாட்களில் இரண்டாம் தரப் பௌதிகவியலாளரும் முதல் தர வேலையைச் செய்ய முடிந்தது என்று டிராக் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவருடைய சொல்லில் ஓர் உண்மை இருக்கிறது. அக்காலத்தவர் எல்லோரும் நம்மைவிடப் பெரிய மூளைக்காரர்கள் என்று கொள்ளத் தேவையில்லை. விளக்கமில்லாத பரிசோதனை முடிவுகள் களஞ்சியத்தில் நெல்லைப் போல் குவிந்து கிடந்தன. திறவுகோல் ஒன்று கிடைத்ததும் பூட்டுகள் வரிசையாகத் திறந்தன.

இன்றைய பௌதிகவியலை நாம் எதனோடு ஒப்பிடுகிறோம்? இந்த முப்பது வருடங்களோடு. 1840ஐயோ 1780ஐயோ எடுத்து ஒப்பிடுவதில்லை. ஊரில் ஒரு வருடம் பெய்த பெருமழையை அளவுகோலாக வைத்தால் அதற்குப் பின் வரும் எல்லா வருடமும் வரட்சியாகத்தான் தெரியும்.

குற்றப்பத்திரிகை

இப்படிச் சொல்லிவிட்டு எதிர்த்தரப்பின் வாதத்தை மறைப்பது முறையல்ல. அதை முழுப் பலத்தோடு சொல்லிப் பார்ப்போம்.

துணிக்கைகளையும் அவற்றிடையேயான விசைகளையும் பற்றி இன்று நம்மிடமுள்ள நியம மாதிரி 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் கட்டப்பட்டது. கிளாஷோ, வைன்பேர்க், ஜங் நகரத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அப்துஸ் ஸலாம் ஆகிய மூவரும் மின்காந்த விசையையும் மென்விசையையும் ஒன்றிணைத்ததற்காக 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். அதற்குப் பின் வந்த பெரிய செய்திகளைப் பாருங்கள்: 1983இல் டபிள்யூ, இஸட் துணிக்கைகள், 1995இல் டொப் குவார்க், 2012 ஜூலை 4இல் ஹிக்ஸ் துணிக்கை. எல்லாமே முன்னோர் எழுதிவைத்த பட்டியலில் 'சரி' அடையாளம் இட்டவைதான். ஹிக்ஸ் துணிக்கை பற்றிய எண்ணம் 1964இல் எழுதப்பட்டது. கையில் கிடைக்க 48 வருடம்.

அந்த மாதிரிக்கு அப்பால் செல்ல எடுத்த முயற்சிகள் என்னவாயின? ஒவ்வொரு துணிக்கைக்கும் ஒரு இணை உண்டு என்ற மீசமச்சீர்க் கொள்கை 1970களிலிருந்து வளர்க்கப்பட்டது. ஜெனீவாவின் பெரிய ஆர்முடுக்கி இயங்கத் தொடங்கினால் அந்த இணைகள் வெளிப்படும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். ஒன்றும் வெளிப்படவில்லை. 1984இலிருந்து இளம் கோட்பாட்டாளர்களை ஈர்த்துவந்த இழைக் கொள்கை, கணிதத்துக்கு நல்ல விளைச்சல் தந்தது. இயற்கை பற்றிச் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு தெளிவான முன்னறிவிப்பைத் தரவில்லை.

எண்களும் இதற்கு ஒத்தூதுகின்றன. பட்ரிக் கொலிசன், மைக்கல் நீல்சன் என்ற இருவர் 2018இல் பௌதிகவியலாளர்களிடம் நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்புகளை இரண்டிரண்டாகக் கொடுத்து எது முக்கியம் என்று கேட்டார்கள். 1910களிலிருந்து 1930கள் வரையானவையே மேலோங்கின. 2023இல் நேச்சர் சஞ்சிகையில் வந்த ஆய்வு 4.5 கோடி ஆய்வுக் கட்டுரைகளை அலசி, பழைய வழியை முறித்துப் புதுவழி காட்டும் தன்மை எல்லாத் துறைகளிலும் குறைந்துவருகிறது என்றது. அந்த அளவீட்டு முறையை மறுப்பவர்களும் உண்டு என்றாலும், ஒதுக்கிவிட முடியாத செய்தி இது.

மேசையிலிருந்து சுரங்கத்துக்கு

இந்தக் குற்றச்சாட்டில் எவ்வளவு உண்மை? ஒரு குறிப்பிட்ட இடத்தில் முழு உண்மை என்றே நான் கருதுகிறேன். அடிப்படைத் துணிக்கைகள் பற்றிய கோட்பாட்டு ஆய்வு 1970களின் வேகத்தில் இன்று நடக்கவில்லை. ஆனால் அதற்குக் காரணம் அறிவு தேய்ந்தது என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும்.

ரதபோர்ட் அணுக்கருவைக் கண்ட கருவி ஒரு மேசைமேல் அடங்கும். 1931 அளவில் அமெரிக்காவில் லோறன்ஸ் இயக்கிய முதல் சைக்கிளோத்திரன் உள்ளங்கையில் வைக்கக்கூடிய அளவு. இன்று ஜெனீவாவில் நிலத்துக்கடியில் உள்ள வளையம் சுற்றளவில் 27 கிலோமீற்றர். அதற்கடுத்துத் திட்டமிடப்படுவது ஏறத்தாழ 91 கிலோமீற்றர். இன்னும் சிறியதைக் காண இன்னும் பெரிய சக்தி தேவை; அதுதான் இயற்கையின் விதி. கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வர ஒரு தலைமுறை செல்கிறது. கிணறு ஆழமாகும்போது கயிறும் நீள வேண்டும். நீர் இறைப்பவர் சோம்பேறியாகிவிட்டார் என்று கரையில் நின்று சொல்லக்கூடாது.

மாணவர் கேட்ட 'ஒராள்ட பேராவது தெரியுமா' என்ற கேள்விக்கும் விடை இதற்குள் இருக்கிறது. ஹிக்ஸ் துணிக்கையின் திணிவை அறிவித்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு 5154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான். இதில் யாருடைய பெயரை நாம் மனனம் செய்வது?

பெயர் தெரியாததால் வேலை சிறியது என்றாகாது. பிரபஞ்சத்தின் விரிவு வேகம் கூடிவருகிறது என்று 1998இல் இரண்டு குழுக்கள் கண்டபோது எவருமே அதை எதிர்பார்த்திருக்கவில்லை. அதே வருடம் யப்பானில் சுரங்கமொன்றின் நீர்த்தொட்டியில், நியூத்திரினோவுக்குத் திணிவு உண்டு என்று தெரிந்தது. நியம மாதிரி அதற்கு இடம் வைத்திருக்கவில்லை. 1916இல் ஐன்ஸ்டைன் கணித்த ஈர்ப்பலை 2015 செப்டெம்பர் 14இல் பிடிபட்டது. 4 கிலோமீற்றர் நீளக் கரமொன்று புரோத்தனின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்களவு நீளம் மாறியதை அளந்தார்கள். 2002இலிருந்து 2010 வரை இயங்கிய முதற் கருவி ஒரு அலையைக்கூடக் காணவில்லை. எட்டு வருட வெறுங்கைக்குப் பிறகும் கருவியைக் கழற்றித் திருத்தி மீண்டும் பூட்டியவர்களின் மனத்திடத்தை எந்தக் காலத்துப் பெருமையோடும் ஒப்பிடலாம்.

நமக்குப் பழக்கமான ஒரு கதை

ஒரு துறை 'வீழ்ந்துவிட்டது' என்ற பேச்சு முஸ்லிம்களாகிய நமக்குப் புதிதல்ல. நமது விஞ்ஞான வரலாற்றைப் பற்றியே அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1111இல் வபாத்தானார்கள். அதோடு முஸ்லிம் உலகில் ஆய்வு உணர்வும் அணைந்துவிட்டது என்று நூல்களிலும் மேடைகளிலும் சொல்லப்பட்டது. நாமும் அதைத் திருப்பிச் சொன்னோம். இந்தக் கதையை ஒருமுறை சோதித்துப் பார்த்தால், இன்றைய பௌதிகவியலை எடைபோடவும் அது கைகொடுக்கும்.

11ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், ஒளியியல் நூலோடு 'அஷ்-ஷுகூக் அலா பத்லமியூஸ்' என்ற நூலையும் எழுதினார். தொலமியின் மேல் எழும் சந்தேகங்கள் என்பது அதன் பொருள். தொலமியின் வானியல், கோள்களின் நிலையைச் சரியாகவே கணித்துக் கொடுத்தது. கணக்குச் சரியாக வந்தாலும், அந்த மாதிரி சொல்லும் அசைவுகள் உண்மையான பொருள்களுக்குச் சாத்தியமில்லை என்பது இப்னுல் ஹைதமின் வாதம். அவர் சந்தேகத்தை எழுதினார். மாற்று வானியலைத் தந்துவிட்டுப் போகவில்லை.

அதற்குப் பின் ஏறத்தாழ 200 வருடம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தேக்கமாகவே தெரியும். 1259இல் மராகாவில் வானோக்கு நிலையம் எழுந்தது. நஸீருத்தீன் தூஸி இரண்டு வட்டங்களின் சுழற்சியிலிருந்து நேர்கோட்டு அசைவைப் பெறும் வழியைக் கண்டார். 14ஆம் நூற்றாண்டில் டமஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் முவக்கித்தாக இருந்த இப்னு ஷாத்திர் சந்திரனை எடுத்துக்கொண்டார். தொலமியின் மாதிரிப்படி சந்திரன் சில வேளைகளில் ஏறத்தாழ இரு மடங்கு பெரிதாகத் தெரிய வேண்டும். பிறை பார்க்க வானத்தை நோக்கும் எவருக்கும் அது அப்படி இல்லை என்று தெரியும். இப்னு ஷாத்திர் அந்தக் குறையை நீக்கிப் புதிய மாதிரியைக் கட்டினார்.

1543இல் வெளிவந்த கோப்பர்நிக்கஸின் நூலில் உள்ள சந்திர மாதிரியும் இதுவும் அடிப்படையில் ஒன்றே. அது ஐரோப்பாவுக்குப் போன வழி எது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இந்த ஒற்றுமை உலகுக்குத் தெரியவந்தது எப்போது? 1957இல்! பேரூத்தில் எட்வர்ட் கென்னடியைச் சூழ்ந்திருந்த ஆய்வாளருள் ஒருவரான விக்டர் ரொபர்ட்ஸ் எழுதிய கட்டுரையில்தான். கையெழுத்துப் பிரதி நூலகத்தில் அவ்வளவு காலமும் இருந்தது. வீழ்ச்சிக் காலத்து நூல் என்று பேர் வைத்தாயிற்று. பிறகு யார் அதைத் திறந்து பார்ப்பது?

இந்த இடத்தில்தான் என் கருத்து நிலைகொள்கிறது. 'வீழ்ச்சி' என்ற சொல் ஒரு காலத்தை விவரிப்பதோடு நின்றுவிடுவதில்லை. அந்தக் காலத்தைத் தேடிப் பார்ப்பதையும் நிறுத்திவிடுகிறது. மராகாவிலிருந்து டமஸ்கஸ் வரை நடந்தது, அத்திவாரத்தில் விரிசல் தெரிந்த பிறகும் மாற்றுக் கட்டடம் எழும்பாத காலத்து வேலை. சந்தேகத்தைப் பாதுகாத்தார்கள், கருவியைத் திருத்தினார்கள், கணிதத்தைத் தீட்டினார்கள். கோப்பர்நிக்கஸ் பயன்படுத்திய கணித உத்திகள் அப்படிப்பட்ட பட்டறையில் வடிக்கப்பட்டவை. இன்றைய பௌதிகவியலும் அத்தகைய ஒரு காலத்தில் நிற்கிறது. நியம மாதிரி கணக்கைச் சரியாகக் கொடுக்கிறது. ஆனால் ஈர்ப்பு அதற்குள் அடங்கவில்லை, நியூத்திரினோவின் திணிவு அதற்குள் இல்லை. பிரபஞ்சத்தின் உள்ளடக்கத்தில் நாம் அறிந்த சாதாரணப் பொருள் ஏறத்தாழ 5 சதவீதமே. மிச்சத்துக்குக் கரும்பொருள், கருஞ்சக்தி என்று பேர் மட்டும் வைத்திருக்கிறோம்.

ஆள் இல்லையா, இடம் இல்லையா?

இதனால் இன்றைய பௌதிகவியல் உலகம் குறையற்றது என்று நான் வாதிடவில்லை. சந்தேகத்தைப் பாதுகாப்பதில் அது சில வேளை தவறியிருக்கிறது.

வட அயர்லாந்தைச் சேர்ந்த ஜோன் பெல், ஜெனீவா ஆய்வுகூடத்தில் சம்பளத்துக்குச் செய்த வேலை துணிக்கைகளையும் ஆர்முடுக்கிகளையும் பற்றியது. குவாண்டம் கொள்கையின் அத்திவாரத்தைப் பற்றிய சிந்தனை அவருக்கு ஓய்வுநேர வேலை. 1964இல் அவர் எழுதிய சிறு கட்டுரை, சில வருடங்களிலேயே நின்றுபோன ஒரு சஞ்சிகையில் வந்தது. தொலைவில் பிரிந்து நிற்கும் இரண்டு துணிக்கைகள் பற்றி ஐன்ஸ்டைனுக்கும் போருக்கும் இடையே நடந்த வாதத்தைப் பரிசோதனையால் தீர்க்க முடியும் என்று அதில் காட்டினார். 1972இல் ஜோன் கிளவுசர் அமெரிக்காவில் அந்தப் பரிசோதனையைச் செய்தார். அக்காலத்தில் பலர் அதைப் பௌதிகவியலாகவே மதிக்கவில்லை. அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி கிட்டவில்லை. 50 வருடம் கழித்து, 2022இல், அஸ்பெ, சைலிங்கர் ஆகியோரோடு அவருக்கு நோபல் பரிசு வந்தது. பெல் 1990இலேயே இறந்துவிட்டார்.

பீற்றர் ஹிக்ஸ் 2013இல் பரிசு பெற்ற வேளையில் சொன்னது இன்னும் கசப்பானது. இன்றைய முறையில் தனக்குப் பல்கலைக்கழக வேலையே கிடைத்திருக்காது என்றார். 1964க்குப் பின் அவர் எழுதிய கட்டுரைகள் பத்துக்கும் குறைவு. வருடத்துக்கு எத்தனை கட்டுரை என்று எண்ணிப் பதவி கொடுக்கும் இடத்தில், பத்து வருடம் ஒரே சந்தேகத்தோடு உட்கார்ந்திருப்பவருக்குக் கதிரை எங்கே?

ஆகவே குறை இருப்பது உண்மை. அது மூளையில் இல்லை, முறையில் இருக்கிறது. டமஸ்கஸில் அந்த முவக்கித்துக்குப் பள்ளிவாசல் ஒரு தொழிலையும் நீண்ட அவகாசத்தையும் கொடுத்தது. பேர்ணின் காப்புரிமை அலுவலகம் ஐன்ஸ்டைனுக்கு, தெரியாமலேயே, அதைக் கொடுத்தது. இன்றைய இளம் ஆய்வாளருக்கு அந்த அவகாசத்தை யார் கொடுக்கிறார் என்பதே, பௌதிகவியலின் பெருமை பற்றிப் பேசுபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

மாணவருக்குச் சொன்னது

இரண்டு கிழமை சென்று அவர் மீண்டும் வந்தார். இந்தக் கதைகளைத்தான் சுருக்கமாகச் சொன்னேன். ஐன்ஸ்டைனாக வேண்டும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும் என்றும் சொன்னேன். ஜொலியின் புத்திமதிக்குப் பிளாங்க் கொடுத்ததாகச் சொல்லப்படும் பதிலையும் எடுத்துச் சொன்னேன்: புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தான் ஆசைப்படவில்லை, ஏற்கெனவே உள்ளதன் அடிப்படையை விளங்கிக்கொள்ளவே விரும்புவதாக அந்த 16 வயதுப் பையன் சொன்னாராம்.

"அந்த ஆசை உங்களுக்கு இருந்தா வாப்பாவோட நான் கதைக்கிறன் மகன். இல்லாட்டி பொறியியலும் நல்ல துறைதான்" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "சேர், அந்த இப்னு ஷாத்திர்ட புத்தகம் தமிழ்ல இரிக்கா?"

"நான் காணல்ல மகன்" என்றேன்.